இருமினால் தாவும் பாட்டு

என் வீட்டுக்காரர் நெஞ்சுச் சளியோடு டிக்கோயா ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். துணையில்லை என்றால் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். அதனால் நேற்று என் சீடி பிளேயரில் முருகன் பாட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

குலுங்கும்போது பாட்டு வரியை விட்டுத் தாவாமல் இருக்க அதில் ஒரு பொத்தான் உண்டு. அதைப் போட்டால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். வளைவுக்கு வளைவு குலுங்கும் பஸ்ஸில் அது வேண்டும். கட்டிலில் எதற்கு என்று அணைத்துவிட்டேன். நான் திரும்பிப் போகும்வரை பாட்டு நிற்கக் கூடாதே.

இன்று போனால், பிளேயர் அவர் நெஞ்சின் மேல். ஹெட்போனில் நானும் ஒரு காதை வைத்தேன். ஒவ்வொரு இருமலுக்கும் பாட்டு தாவுகிறது.

"ஐயோ, பொத்தானப் போட்டிருக்கக் கூடாதாங்க?"

"பேட்டரி தீந்துரும்ல புள்ள. தாவுனா என்ன, உட்டத நானே பாடிக்கிறேன்."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். "அந்த எடத்துலதான்க்கா எங்க காது போகுது!"

கோயில் வாசலை மிதிக்காத மனிதர் ஒரு வரி பிசகாமல் பாடுகிறார். காலையில் நான் பாட்டுப் போட்டாலே "சத்தத்தக் கொற" என்பவர்.

பொத்தானை நான் தொடவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒளிந்திருக்கும் பக்தர் யாராவது உண்டா?