சத்தம் வராத வளையல்

போன ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையம் கடைத்தெருவில் மகளுக்கு வளையல் வாங்கினோம். கண்ணாடி வளையல் போட்டால் பள்ளிக்கூடத்தில் திட்டுவார்களாம். ரோஸ் நிற பிளாஸ்டிக்கைக் காட்டினாள். நான் அதை வாங்கிக் காதருகே ஆட்டிப் பார்த்தேன். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். எல்லோரும் வளையலைக் கண்ணால் பார்த்து வாங்குவார்கள். காதால் வாங்குகிற ஆள் நான் ஒருவன்தான்.

காரணம் இருக்கிறது. எங்களுக்கு நாற்பது வயது நெருங்கும்போது உண்டானவள் இவள். அதற்கு முன்பு ஒரு பிள்ளை. ஐந்தாம் மாத ஸ்கேனில், பேசிக்கொண்டே பார்த்த டாக்டரம்மா சட்டென்று பேச்சை நிறுத்தினார். அந்த அறையின் அமைதி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அதனால் என் மனைவி சாந்தி மறுபடி வாந்தி எடுக்கத் தொடங்கியபோது, அந்தச் சத்தம்கூட எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் எனக்கு வேலை. பிளீச்சிங் வாடை சட்டையோடு வீட்டுக்கு வரும்.

"ஏங்க, அங்கனயே நில்லுங்க. சட்டையக் கழத்திப் போட்டுட்டு வாங்க."

வாசலில் பனியனோடு நிற்பேன். எதிர்வீட்டு அக்கா, "என்ன தம்பி, சண்டையா?" என்பார். ஆமாக்கா என்பேன். ஐந்து மாதம் தாண்டாமல் யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று இருவரும் முடிவு செய்திருந்தோம். நாலாம் மாதம் லேசாக ரத்தம் பட்டது. எழுந்து நடமாடக் கூடாது என்றார்கள். நான் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன். அவள் அதைக் குடிக்காமல் தப்பிக்கக் கற்றுக்கொண்டாள்.

ஐந்தைத் தாண்டினோம். ஏழில் வளைகாப்பு. இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல்களோடு அவளை ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். ஒரு பஸ் தூரம்தான், ஆனால் எனக்கு டில்லிக்குப் போன மாதிரி இருந்தது. சாயங்காலம் தோறும் போன் பண்ணுவேன். தன் அப்பா பக்கத்தில் இருக்கும்போது பிள்ளை உதைப்பதைச் சொல்ல அவளுக்கு வெட்கம். ஆகவே ஓர் ஏற்பாடு: பிள்ளை நன்றாக அசைந்தால் போனருகே கையை ஆட்ட வேண்டும். கலகலவென்று கேட்டால் போதும், அன்றைக்குச் சோறு இறங்கும்.

ஒன்பதாம் மாதம் ஒரு நாள் அவள் போனை அத்தை எடுத்தார்.

"சாந்தி அசந்து தூங்குதா மாப்ள."

"வளையல் சத்தம் கேக்கலயே அத்த?"

"இந்தா, தூக்கத்துலயே கைய ஆட்டுதா. கேளுங்க."

சத்தம் கேட்டது. ஆனால் அது கையிலிருந்து வருகிற சத்தம் இல்லை. உண்டியலைக் குலுக்குகிற சத்தம். வேலையைப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

மாமனார் வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டில் கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஆபரேஷன் அறைக்கு வெளியே, மடியில் எவர்சில்வர் தூக்குவாளியோடு அத்தை உட்கார்ந்திருந்தார். அதற்குள் சாந்தியின் வளையல்கள். பிள்ளையின் அசைவு குறைந்திருக்கிறது. ஆபரேஷனுக்காகக் கழற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

"நீங்க பயந்துருவீயன்னுதான் மாப்ள... ஆட்டுனா கண்டுபிடிக்க மாட்டீயன்னு நெனச்சேன்."

அத்தையின் கை நடுங்கியது. வாளி தானாகக் கலகலத்தது. நான் வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். அப்போதும் அது நிற்கவில்லை.

பிறகு உள்ளேயிருந்து ஒரு குரல். கரகரவென்று, தூக்கத்தில் எழுப்பிவிட்ட கோபத்தோடு. அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

வழக்கப்படி அந்த வளையல்களைப் பிரசவத்தில் கூட நின்ற நர்ஸம்மாவுக்குக் கொடுத்துவிட்டோம். நினைவுக்கு ஒன்றாவது எடுத்து வைத்திருக்கலாம்; தோன்றவில்லை. சாந்தி இப்போது மெல்லிசாக இரண்டு தங்க வளையல் போடுகிறாள். அவற்றுக்குப் பேசத் தெரியாது.

வீடு அமைதியானால் எனக்கு இன்னும் ஆகாது. நேற்று மகள் உள்ளறையில் சத்தமில்லாமல் இருந்தாள். நான் எழுந்தேன்.

"அவ படம் வரையுதா. செத்த நேரம் சும்மா இருங்க" என்றாள் சாந்தி.

உட்கார்ந்தபடியே கூப்பிட்டேன். "பாப்பா, வளையல ஆட்டு."

ஆட்டியிருப்பாள். ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் கழித்து, உள்ளேயிருந்து வாயாலேயே வந்தது:

"கலகல கலகல. போதுமாப்பா?"