ஸ்டீபன் அண்ணன் வெட்டாத வயர்

பல்லேபொலவில் ஒரு கல்யாண வீட்டில் மணப்பெண்ணைப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. சட்டைப் பையில் போன் மூன்று தடவை அதிர்ந்தது. கெமராவைத் தூக்கிய கையோடு போன் பேசுவது எங்கள் தொழிலில் மரியாதை இல்லை. நாலாவது தடவை எடுத்தேன். ஸ்டீபன் அண்ணனின் மனைவி பிலோமினா அக்கா பேசினார்.

"தம்பி, அவரு போயிட்டாரு. காலையில நெஞ்சு நோவுதுன்னாரு. மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்க போயி ஒரு மணித்தியாலம்கூட இருக்கல்ல."

போனைப் பையில் போட்டேன், கெமராவைத் தூக்கவில்லை. மணப்பெண்ணின் அண்ணன் பக்கத்தில் வந்து, "என்னாண்ணே, லைட் சரியில்லையா?" என்று கேட்டார். சரிதான் என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து பிடித்தேன். அந்த வீடியோவில் தாலி கட்டும் இடத்தில் படம் ஆடுகிறது. வீட்டுக்காரர்கள் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல ஒரு பொய் வைத்திருக்கிறேன். பொய் எனக்குப் புதிதல்ல என்பது இதைப் படித்து முடிப்பதற்குள் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர் ஸ்டீபன் அண்ணன். ஓய்வு பெற்ற பிறகு, இந்தப் பக்கத்துக் கோயில்களுக்கு மைக், ஸ்பீக்கர், எம்ப்ளிஃபயர் என்று எது வாங்குவதென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கத்தோலிக்கரான நாங்கள் தேவாலயத்தைக் கோயில் என்றே சொல்வோம். பல்லேகமப் பக்கத்திலிருந்து வேறு சபைக்காரர்களும் பஸ் ஏறி வந்து அவரைக் கூட்டிப் போவார்கள். குட்டையான மனிதர். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர் இருக்கும். இனிக்கப் பேசுகிறவர் அல்லர். அவரிடம் ஏச்சு வாங்காத கோயில் கமிட்டி மாத்தளையில் இல்லை.

எங்கள் கோயிலுக்குப் புது செட் வாங்க முடிவான வருடத்தில்தான் அவரோடு நெருங்கிப் பழகினேன். நான் இரத்தோட்டையில் ஸ்டூடியோ வைத்திருப்பவன், கமிட்டியில் கூட்டக் குறிப்பு எழுதுகிறவன், போதாததற்கு எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிறவன். டவுனில் பெரிய கோயிலில் ஆள் உயர ஸ்பீக்கர்களையும் புரொஜெக்டரையும் பார்த்துவிட்டு வந்து, நமக்கும் அப்படியே வேண்டும் என்று பாதரின் மனதை நான்தான் கெடுத்து வைத்திருந்தேன்.

ஸ்டீபன் அண்ணன் வந்தார். பாதர் நீட்டிய விலைப் பட்டியலைத் திரும்பியும் பார்க்கவில்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுக் கோயில் நடுவில் நின்று, ஒரே ஒரு தடவை கை தட்டினார். சத்தம் எங்கே போய் எப்படித் திரும்புகிறது என்று காது கொடுத்துக் கேட்டார். பிறகு குனிந்து சிமெந்துத் தரையைத் தொட்டுப் பார்த்தார்.

"முதல்ல கோயிலப் பாப்போம் பாதர். கடை எங்கயும் ஓடிப் போவாது."

எங்கள் கோயிலில் யாரும் செருப்போடு உள்ளே வருவதில்லை. மழை மாதங்களில் தரை ஈரம் காயாது. அந்தத் தரையில் வெறுங்காலோடு நின்றுதான் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்போம். வாசிக்கிறவர்கள் மைக்கைப் பிடிக்கும்போது கைக்குட்டையை, எங்கள் பேச்சில் லேஞ்சியை, சுற்றிப் பிடிப்பார்கள். அது ஒரு பக்தி என்றுகூட நான் நினைத்திருந்தேன். அன்றைக்குக் கோயில் கூட்ட வந்திருந்த சிசிலியாவிடம் அவர் விசாரித்தார். சிசிலியா தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். எங்கள் கோயிலில் முதல் வாசகம் எப்போதும் அவருடையதுதான்.

"ஏம்மா லேஞ்சிய சுத்துறீங்க?"

"இல்லாட்டி சுள்ளுன்னு கடிக்குங்க. இந்த மைக்கு எப்பவும் அப்படித்தான்."

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "கடிக்கிற மைக்க வச்சிக்கிட்டா இத்தன வருசமா பூச வச்சீங்க? நாய் கடிச்சா மட்டும் ஆஸ்பத்திரிக்கு ஓடுறீங்களே!"

 கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் என்பதே கோயிலில் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஸ்பீக்கர் வாங்கும் பேச்சைத் தூக்கி ஓரத்தில் வைத்துவிட்டு, கோயிலுக்குப் பின்னால் தானே குழி தோண்டிச் செம்புக் கம்பி இறக்கினார். கரியும் உப்பும் போட்டு மூடினார். அதிலிருந்து எல்லா பிளக் பொயின்டுக்கும் பச்சை எர்த் வயர் இழுத்தார். அதற்குப் பிறகுதான் எங்களை மாத்தளைக்குக் கூட்டிப் போனார்.

கடையில் அவருடைய முதல் கேள்வி விலை அல்ல. "இது கெட்டுப் போனா மாத்தளையிலயே திருத்த ஏலுமா?" கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால் அந்தப் பெட்டியை மறுபடி பார்க்க மாட்டார். ஆள் உயர ஸ்பீக்கரைக் காட்டினேன். "சனங்க ஒக்காந்திருக்கிறது கீழ. கூரைக்கு எதுக்குத் தம்பி பிரசங்கம்?" என்று சொல்லி, ஒல்லியான இரண்டை எடுத்தார். மலிவாக நாலு மைக் வாங்கலாம் என்றேன். நல்லதாக ஒன்று போதும் என்றார். புரொஜெக்டர் என்று வாயெடுத்தேன். "பகல் பூசைக்கா? ஜன்னலெல்லாம் மூடிட்டு சினிமாவா காட்டப் போறீங்க?" கடைக்காரர் சிரித்த சிரிப்பில் எனக்கு மானமே போயிற்று. ஸ்பீக்கரைக் கம்பி கட்டிக் கூரை மரத்தில் தொங்க விடலாம் என்று கடைசியாக ஒரு யோசனை சொன்னேன். "சரி. கீழ யாரு ஒக்காருவா? நீங்களா?"  சுவரில் போல்ட் அடித்துத்தான் பூட்டினார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் தோற்றார். ஆளுக்குக் கரண்ட் அடித்தால் உடனே விழும் ட்ரிப் சுவிட்ச் ஒன்றைப் போடச் சொன்னார். திருவிழா செலவு இருக்கிறது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று கமிட்டி தள்ளிப் போட்டது. முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். "எர்த் ஒழுங்கா இருக்கிற வரைக்கும் சமாளிக்கலாம். அதுல மட்டும் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது." இதை நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை.

புது செட்டின் முதல் ஞாயிறு சிசிலியா லேஞ்சி இல்லாமல் மைக்கைப் பிடித்தார். பிடிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றும் கடிக்கவில்லை என்றதும் சிரிப்பு வந்து, வாசகத்தைத் தொடங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது.

கொரோனாவில் கோயில்கள் மூடியபோது பூசையை நேரடியாக இணையத்தில் அனுப்பும் வேலை என்னிடம் வந்தது. கட்டாரிலிருந்தும் துபாயிலிருந்தும் எங்கள் பிள்ளைகள் பார்த்தார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கோயில் திறந்த பிறகும் தொடர்ந்தேன். என் கம்ப்யூட்டரைக் கோயில் செட்டோடு தொடுத்த நாளிலிருந்து 'உம்' என்று ஓர் இரைச்சல் ஓயாமல் கேட்டது. "பூசையா, தேனீக் கூடா?" என்று துபாயிலிருந்து ஒருவன் எழுதினான். அது என்னைச் சுட்டது.

ஸ்டீபன் அண்ணன் பார்த்துவிட்டுச் சொன்னார், "ரெண்டு எடத்துல எர்த் சுத்துது தம்பி. நடுவுல ஒரு சின்னப் பெட்டி போட்டா நிக்கும். இந்தக் கெழம கொண்டு வாறேன். ஒரு பூசைக்குப் பொறுத்துக்கங்க."

நான் பொறுக்கவில்லை. சனிக்கிழமை பின்னேரம் எம்ப்ளிஃபயரின் பிளக்கைத் திறந்து பச்சை வயரை வெட்டினேன். என் ஸ்டூடியோவில் வைத்திருக்கும் நீல டேப்பால் முனையைச் சுற்றி மூடினேன். இரைச்சல் பட்டென்று நின்றது. இப்படிச் செய்யலாம் என்று தொழிலில் யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் அண்ணன் பெட்டியோடு வந்தார். "இரைச்சல் எங்க போச்சு?"

"கேபிள மாத்திக் குத்தினேன் அண்ணே."

"பரவாயில்லையே, நீங்களும் தொழில் கத்துக்கிட்டீங்க." என் முதுகில் தட்டிவிட்டுப் பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

ஏழெட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு விடாமல் மழை பெய்த ஒரு ஞாயிறு, எம்ப்ளிஃபயருக்குள் ஈரம் இறங்கிக் கரண்ட் கசிந்திருக்கிறது. பூமிக்குப் போக வேண்டிய கரண்டுக்கு நான் வழியை அடைத்து வைத்திருந்தேன். சிசிலியா எழுந்து போய், ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று மைக்கைப் பிடித்தார். இந்தத் தடவை அவர் கண்ணை மூடவில்லை. அவருடைய வாய் திறந்தபடி நின்றது, சத்தம் வரவில்லை, கையை விட முடியவில்லை. நான் கெமராவுக்குப் பின்னால் மரம் மாதிரி நின்றேன். ஸ்டீபன் அண்ணன்தான் ஓடிப் போய் பிளக்கைப் பிடுங்கினார். சிசிலியா பீடத்துப் படியில் விழுந்தார். உயிர் தப்பியது. வலது கையில் இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. கொழுந்து பறிக்கிறவருக்கு விரல் மடங்காவிட்டால் பிழைப்பு முடிந்தது.

ஆட்கள் அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன பிறகு, அண்ணன் தரையில் உட்கார்ந்து பிளக்கைத் திறந்தார். நீல டேப் வெளியே வந்தது. அந்த டேப் யாருடையது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு அதைப் பிய்த்து உள்ளங்கையில் கசக்கி, அந்தச் சின்னப் பெட்டி கிடந்த பையிலேயே போட்டுக்கொண்டு, வயரை ஒழுங்காகப் பூட்டினார்.

கமிட்டி கூடியது. இந்த செட்டைத் தெரிந்தெடுத்தது யார் என்று கேட்டார்கள். அண்ணன் எழுந்து, "நான் பூட்டின சாமான் பாதர். பொறுப்பு என்னோடது" என்றார். கூட்டக் குறிப்பு எழுதுகிறவன் நான். அந்த வாக்கியத்தையும் நானே எழுதினேன். என் கையெழுத்து அன்றைக்குக்கூடக் கோணவில்லை.

ஒரு வாரம் கழித்து மாத்தளை பஸ்ஸில் அண்ணன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இரைச்சல் நின்ன அன்னைக்கே நான் பிளக்கத் தொறந்து பாத்திருக்கணும். ஒங்கள நம்பிட்டேன். அது என் தப்பு. மிச்சத்த நீங்கதான் சொல்லணும், ஜெரோம் தம்பி. ஒங்களுக்காக நான் சொல்ல மாட்டேன்."

நாலு வருடம் இருந்தது எனக்கு. இந்தத் திருவிழா முடியட்டும், அடுத்த நத்தார்ப் பண்டிகை முடியட்டும் என்று நாளைக் கடத்தினேன். அதற்குள் மற்றக் கோயில்கள் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தன. எங்கள் கோயிலிலும் செட்டைப் பார்க்கும் பொறுப்பு என் கைக்கு மாறியது. அவர் மறுத்துப் பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்கு அரை மணித்தியாலம் முன்னதாக வந்து, டெஸ்டரால் மைக்கைத் தொட்டுப் பார்ப்பார். என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் கடைசி வரிசை வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்துகொள்வார். சிசிலியா அவரைக் கண்டால் மறுபக்கம் போய்விடுவார்.

அண்ணனின் செத்த வீட்டிலும் நான்தான் படம் பிடித்தேன். கட்டாரில் இருக்கும் மகன் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். சத்தம் தெளிவாக வந்தது என்று மகன் நன்றி அனுப்பினார். கூட்டத்தில் கெமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சிசிலியா வரவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு அச்சடிக்கும் நினைவு மலருக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொல்லி பிலோமினா அக்கா கேட்டார். இரண்டு தடவை நல்லதாகவே எழுதிக் கிழித்துப் போட்டேன். மூன்றாவதாக, இதுவரை நீங்கள் படித்ததை எழுதி, எடுத்துக்கொண்டு போய் அவருக்கு வாசித்துக் காட்டினேன். அக்கா தாள்களைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"எங்கிட்டயும் சொல்லல்ல தம்பி அந்த மனுசன். அந்தப் பொம்பளயோட கைய நாசமாக்கிட்டீங்களேன்னு நாலு வருசமா நான் ஏசினேன். சோறு போட்டு வச்சிட்டு ஏசினேன். தலையக் குனிஞ்சிக்கிட்டு சாப்பிடுவாரு." பிறகு தாள்களை என் கையில் தந்தார். "ஒங்க பேரோட அச்சடிங்க. அதுக்கு முந்தி சிசிலியாகிட்ட போங்க."

போனேன். தோட்டத் தொழிலாளர் லயத்தில் அவர் வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன். சிசிலியா கத்தவில்லை.

"கை போனது போனதுதான் அண்ணே. அதப் பத்தி நான் இப்ப ஒண்ணும் கேக்கல்ல. ஆனா என் உயிர இழுத்துப் போட்டவரு செத்துக் கெடந்தப்ப, நான் கதவச் சாத்திக்கிட்டு உள்ள இருந்தேனே. அவரு மொகத்த நான் இனிமே எங்க போயி பாக்குறது?"

 அவர் செருப்பை மாட்டிக்கொண்டு அண்ணனைப் புதைத்திருக்கும் சவக்காலைப் பக்கம் நடந்தார். நானும் பின்னால் போனேன். வாசலில் திரும்பி, "நீங்க உள்ள வர வேணாம்" என்றார்.

அங்கிருந்து பார்த்தேன், ஸ்டீபன் அண்ணே. உங்கள் மண்மேட்டுக்குப் பக்கத்தில், வாடிப்போன மாலைகளை ஒதுக்கிவிட்டு அவர் தரையில் உட்கார்ந்தார். அழுதுகொண்டே உங்களிடம் பேசினார், வெகு நேரம் பேசினார். ஒரு சொல்லும் எனக்குக் கேட்கவில்லை. நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்பதற்காக நான் இதை எழுதவில்லை. அந்த நாலு வருடத்தை நான் வீணாக்கிவிட்டேன். நிம்மதியாகப் போய் வாருங்கள், அண்ணே. முதலில் சிசிலியா உங்களோடு பேசி முடிக்கட்டும். நான் வெளியே நிற்கிறேன்.