மின்விசிறிக்காரரின் நடுப்பகல்

நடுப்பகல் வெயில் கடைவாசலைத் தொட்டதும், சுற்றிக்கொண்டிருக்கும் செம்புக் கம்பியை அப்படியே ஓர் ஆணியில் முடிந்துவிட்டு எழுந்துவிடுவார் மின்விசிறிக்காரர். "சாப்பிட்டு வந்துடறேன்" என்று காத்திருப்போரிடம் சொல்வார். அவர் சாப்பிட்ட பாத்திரமோ முன்பே கழுவப்பட்டுச் சன்னலில் காய்ந்துகொண்டிருக்கும். வீடு கடைக்கு நேர் மேலே, மனைவி அங்கே. பேரன் பேத்தி எடுத்த மனிதர். ஆயினும் அந்த வேளையில் மட்டும் ஒரு படி விட்டு ஒரு படி தாவி ஏறுவார்.

திரும்பும்போது தலை வாரியிருக்கும். உதட்டில் சீழ்க்கை இருக்கும். "இன்னிக்குச் சாப்பாடு கொஞ்சம் நீளம் போல!" என்று எதிர்க்கடைத் தையற்காரர் குரல் கொடுப்பார். "வயித்தெரிச்சல் படாதீங்கண்ணே. உங்க வீட்லயும் அடுப்பு இருக்குல்ல?" என்பது இவரது மாறாத மறுமொழி.

பழுதுபார்த்த மோட்டாரைச் சோதிக்க அவருக்கென்று ஒரு முறை உண்டு. முழு வேகத்தில் ஓடவிட்டுச் சட்டென்று மின்சாரத்தை நிறுத்துவார். நடுக்கமின்றி அடங்கினால் நல்ல மோட்டார். "கரண்டை நிறுத்தினாத்தான் அதோட குணம் தெரியும்" என்பார். அந்தச் சோதனையைத் தம்மீதே நடத்திப் பார்த்ததுதான் வம்பாயிற்று.

தூண்டியவர் மனைவியின் தம்பி. குடியை விட்டு மீண்டவர், அது பாராட்டுக்குரியது. ஆனால் மீண்ட நாள் முதல் எதைக் கண்டாலும் போதை என்கிறார். பக்கத்து வீட்டில் உட்கார்ந்து நான் நிரப்பும் குறுக்கெழுத்துப் புதிரும் அவர் கணக்கில் போதையே. "மாமா, உங்க மத்தியானச் சாப்பாடும் அதே கேஸ்தான். விட முடியுதான்னு பாருங்க, பாப்போம்" என்று ஒருநாள் கொளுத்திப் போட்டார்.

மின்விசிறிக்காரர் மிரண்டுபோனார். என்னிடம் வந்து, பேச்சில் ஊரெல்லாம் சுற்றி, ஒருவழியாகக் கேட்டார்: "டீச்சர், பசி தூக்கம் மாதிரி வர்றதெல்லாம் போதைல சேருமா?" அதனால் தொழிலோ குடும்பமோ கெடுகிறதா என்று வினவினேன். "குடும்பம் நல்லாத்தான் இருக்கு" என்றவரின் காதுகள் சிவந்தன. "எதுக்கும் நிறுத்திப் பாத்துடறேன்."

நிறுத்தினார்; மனைவியிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் நிறுத்தினார். நடுப்பகலிலும் கடையிலேயே அமர்ந்து கம்பி சுற்றினார். கை நடுங்கவில்லை, வியர்த்துக் கொட்டவில்லை, மைத்துனர் எச்சரித்த அறிகுறி எதுவும் தோன்றவில்லை. சீழ்க்கை மட்டும் நின்றுபோயிற்று. மின்விசிறிகள் சொன்ன நாளில் திரும்பி வந்தன, தெருவே திகைத்தது.

நடுங்கியவர் மாடியில் இருந்தார். "நான் கிழவியாயிட்டேன் போல, டீச்சர். ராத்திரியும் சுவத்தைப் பாத்துப் படுத்துக்கறார். கேட்டா, 'ஒண்ணுமில்ல'ங்கறார். மனசு விட்டுப்போச்சு. நான் மக வீட்டோட போயிடறேன்" என்றார். பை தயாராகக் கட்டிலின்மேல் இருந்தது. போகுமுன் கணவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடும்படி சொன்னேன். அவர் கீழே இறங்க, சாக்குக்கு அங்கிருந்த பழுதில்லாத மின்விசிறி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னாலேயே சென்றேன்.

கடையில் தம்பி இருந்தார். பையோடு வந்த தமக்கையைக் கண்டதும், "அக்கா, மாமா ஜெயிச்சிட்டார்! இத்தனை நாளா மத்தியானத்துல மாடி ஏறவே இல்ல. போதையே இல்லாம இருந்து காட்டிட்டார்!" என்றார் பெருமை பொங்க.

அக்காவுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. "இதுக்குத்தானா?" என்று கணவரைப் பார்த்தார்.

"டெஸ்ட்டும்மா..." என்று முனகினார் மின்விசிறிக்காரர். "உன்னை வெறுத்து இல்ல."

"ஏண்டா, நீ விட்டப்போ பாட்டில் அழுதுச்சா?" என்று தம்பியின் பக்கம் திரும்பினார் அவர். "நான் என்ன பாட்டிலா? மேல ஒருத்தி காத்துக்கிட்டு இருப்பாளேன்னு உங்க ரெண்டு பேருக்கும் தோணவே இல்லையா?"

எதிரே தையல் இயந்திரம் ஓசையின்றி நின்றது. தெரு முழுவதும் கேட்டுவிட்டதை அவரும் உணர்ந்தார், முகம் சிவந்தது, ஆனால் பின்வாங்கவில்லை. பையைக் கீழே வைத்தார். கணவரின் கையிலிருந்த திருப்புளியை உருவித் தம்பியின் உள்ளங்கையில் வைத்து, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். "கடையைப் பாத்துக்க. மாமா சாப்பிட்டு வரணும்" என்றார்.