பாக்கியம் அக்காவும் காலி டியூபும்

பாக்கியம் அக்கா போய்விட்டார். நேற்று காலை, கரங்கான் ஊரில், அவர் வீட்டில்.

முதலில் சர்க்கரை, பிறகு கிட்னி, பிறகு இரண்டு வருடம் டயாலிசிஸ். இன்று மதியம் தகனம் முடிந்து பீடோங்கில் என் வீட்டுக்குத் திரும்பி, குளித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு... பதினெட்டு வருடம் என்னோடு ஒரே ஆராய்ச்சி லேப்பில் வேலை பார்த்தவர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். என்னைவிட ஐம்பது மடங்கு வாய் குறைந்தவர்.

எங்கள் லேப்பில் செல் வளர்ப்போம். செல்லிடம் போய் 'வளரு' என்று யாராவது சொன்னால்தான் அது வளரும். அந்தச் சேதியைக் கொண்டுபோவது ஒரு புரோட்டீன். இங்கே கேட்டதை அங்கே போய்ச் சொல்வது... அதாவது, ஆபீஸில் என் வேலை.

முதல் பார்சல் வந்தபோது ஸ்டிக்கரில் 'ஹியூமன்' என்று பார்த்த, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி அம்மா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "அலாமாக்! மனுசன்கிட்டேருந்து எடுத்ததா?"

"இல்ல லா," என்றார் அக்கா. "செய்முறை மனுசனோடது, சமைக்கிறது பாக்டீரியா. நான் தினம் குத்திக்கிற இன்சுலினும் அப்படித்தான்."

அதே ஸ்டிக்கரில், ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்றும் இருக்கும். "தம்பி, இதுல ஒன்னு உரிச்சு ஒன் வாயில ஒட்டணும்," என்பார் அக்கா.

இப்போது ஒரு வாக்குமூலம். எங்கள் லேப்பை நடத்தும் டாக்டர், நீங்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் நடந்தது. லூனாஸ் பெண் தர்ஷினி, மாஸ்டர்ஸ் மாணவி, கடைசிச் சோதனையில் இருந்தாள். அவளுக்காக வந்தது அந்தப் புரோட்டீனில் ஒரே டியூப். அடுத்தது வர ஆறு வாரம். அவள் தீசிஸ் கொடுக்க நாலு வாரம்.

பார்சலைப் பிரித்தவன் நான். டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. திறந்தேன். ஒன்றுமில்லை. மேசைமேல் கவிழ்த்துத் தட்டினேன்... ஒன்றுமே இல்லை.

கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான்! மூடிக் குப்பையில் போட்டேன். சூடாக ஒரு ஈமெயில் தட்டினேன். அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன்.

அக்கா சிரிக்கவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு குப்பைத்தொட்டியைக் கவிழ்த்தார்.

"கண்ணுக்குத் தெரியிற அளவுக்கு எவன்லா அனுப்புவான்? ஒரு உப்புக் கல்லுல பாதிகூட இருக்காது. டியூப் செவுத்துல ஒட்டியிருக்கும். மெஷின்ல சுத்தி அடியில எறக்கிட்டுத்தான் மூடியத் தொறக்கணும். தாள்ல போட்டிருக்கே, படிச்சியா?"

"தாளும் குப்பையிலதாங்கா இருக்கு."

டியூப் கிடைத்தது. ஆனால் நான் தட்டியதில் எவ்வளவு பறந்தது, உள்ளே எவ்வளவு மிச்சம்... யாருக்குத் தெரியும்? அப்படியே கொடுத்தால் தர்ஷினியின் சோதனையே பாழாகலாம்.

"மொதல்ல வேற செல்லுக்குக் குடுத்துப் பாப்போம்," என்றார் அக்கா. கரைத்தார், சின்னச் சின்ன டியூபாகப் பிரித்தார், புதன்கிழமை செல்லில் சேர்த்தார்.

எங்கள் பக்கம் வெள்ளிக்கிழமைதான் வார லீவு. அன்று லூனாஸில் அக்காவின் தங்கை மகளுக்குப் பரிசம். போகிற வழியில் லேப்புக்கு வந்தார். பட்டுச்சேலைக்கு மேல் லேப் கோட், தலை நிறைய மல்லிகை, கண் மைக்ராஸ்கோப்பில். பக்கத்தில் நான், தெரிந்த சாமிக்கெல்லாம் நேர்ந்துகொண்டு.

"வளந்திருக்கு. வா, பரிசத்துக்குப் போலாம். மாப்பிள்ளை வீட்டுக் கதையெல்லாம் ஒனக்கு நல்லா கெடைக்கும்."

அதற்குப் பிறகு அக்கா அதைப் பற்றிப் பேசியதே இல்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. நான்! என் வாய்க்குள் பதினொரு வருடம் தங்கிய ஒரே விஷயம் அதுதான்.

இன்று கரங்கானில் தர்ஷினியைப் பார்த்தேன். இப்போது பினாங்கில் வேலை, இரண்டு பிள்ளைகள். துக்க வீட்டுக் கூடாரத்தில் பக்கத்து நாற்காலி. மனசு கேட்கவில்லை, மெதுவாகச் சொல்லிவிட்டேன்.

"தெரியும்ணே."

"என்ன தெரியும்?"

"அக்கா அன்னைக்கே சொல்லிட்டாங்க. 'ஒன் சோதனை, ஒனக்குத் தெரியணும்'னு. நான் சரின்ன பிறகுதான் கையில குடுத்தாங்க. லேப் புக்லயும் எழுதினாங்க. டாக்டர் சைன் போட்டிருக்காரு."

"என் பேரு போட்டாங்களா?"

"போடல. சுத்தாம தொறந்தாச்சு, செல்லுல பாத்தாச்சு, அவ்ளோதான். டாக்டர் படிச்சிட்டு ஒங்க மேசையத்தான் பாத்தாரு."

"என்கிட்ட ஏன்மா யாரும் சொல்லல?"

"அக்காதான் வேணாம்னாங்க. 'தம்பி ரெண்டு நாளா சாப்பிடல, போதும் விடு'ன்னாங்க."

ஊர்ச் சேதியெல்லாம் தெரிந்த எனக்கு இது தெரியவில்லை.

நாளை ஒரு பார்சல் வருகிறது, அக்கா. சுற்றிவிட்டுத்தான் திறப்பேன். தாளையும் படிக்கிறேன்.

போய் வாங்கக்கா.