நல்லதாக நாலு வார்த்தை

சங்கரன்கோவிலிலிருந்து கல்யாணமாகிப் பிள்ளைப்பாக்கத்துக்கு வந்த சுகப்பிரியா, கணவன் சக்திகுமார் வேலை பார்க்கும் கம்பெனியின் பையன்களுக்குச் சப்பாத்தி போட்டுக் கொடுக்க ஆரம்பித்தாள். அது இரண்டு ஹாஸ்டல் வரை வளர்ந்ததும் தோள்பட்டை வலி தாங்காமல், ஆன்லைனில் தேடி ஒரு சப்பாத்தி மிஷின் வாங்கினாள். மாவு உருண்டையை வைத்து அழுத்தினால் சூடான இரண்டு தட்டுகளுக்கு நடுவே வட்டமாக விரியும்.

விற்ற ரகுபதி கேட்டான்: "அக்கா, புதுசா வாங்குறவங்க விசாரிக்கணும்னா உங்க நம்பரைக் குடுக்கட்டுமா?"

சரி என்றாள். முகம் தெரியாதவர்கள் கூப்பிட்டார்கள். "நல்லா ஓடுது, தைரியமா வாங்குங்க" என்று சொல்வதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

சில மாதத்தில் மேல்தட்டு சூடேறாமல் நின்றுவிட்டது. ரகுபதி போனை எடுக்கவில்லை; மாற்றுத் தட்டு கேட்டு அனுப்பிய மெசேஜுக்கும் பதிலில்லை. பூரிக்கட்டையைத் திரும்ப எடுத்தாள். பிறகு ஒருநாள் அவனே கூப்பிட்டான்.

"மணிமங்கலத்துலேருந்து ஒரு அம்மா பேசுவாங்க அக்கா. நல்லதா நாலு வார்த்தை சொல்லிடுங்க. உங்க தட்டை உடனே அனுப்பிடறேன்."

அதற்குப் பிறகு அவளுக்குக் கை ஓடவில்லை. மாவில் தண்ணீர் கூடிப்போனது. போனைக் கவிழ்த்து வைத்தாள், மறுபடி நிமிர்த்தினாள்.

"சொல்லிட்டுப் போயேன். நமக்குத் தட்டு வரணும்லா?" என்றான் சக்திகுமார்.

"அந்தம்மாவுக்கும் இப்படி நின்னுபோச்சுன்னா?"

அவன் ஐடி கார்டை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

மதியம் போன் அடித்தது. "எம்பேரு ஏலவார்குழலிம்மா. மிஷினு எப்டி கீது? நம்பி அட்வான்ஸ் போடலாமா?"

பழைய வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. "நேர்ல வந்து பாத்துட்டுப் போடுங்கம்மா" என்று சொல்லி வீட்டுக்கு வழி சொன்னாள்.

சாயங்காலமே வந்துவிட்டார். சுவிட்சைப் போட்டு மேல்தட்டைத் தொட்டுப் பார்த்தார், சில்லென்றிருந்தது. சுகப்பிரியா ரகுபதி பேசியது வரை எல்லாவற்றையும் சொன்னாள்.

"இத்த போன்லயே சொல்லியிருந்தா நான் இம்மாந்தூரம் வந்திருக்க மாட்டேனே?"

"போன்ல பொய் சொல்லிருவேனோன்னு பயமா இருந்துச்சும்மா."

ஏலவார்குழலி செருப்பை மாட்டிக்கொண்டார். "நல்லவேள, வந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் வாங்கவில்லை. தட்டும் வரவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மெக்கானிக் சூடேற்றும் காயில் வேறொன்றை மாட்டிக் கொடுத்தார்; ஒரு பக்கம் கருகினாலும் மிஷின் ஓடுகிறது.

ஆனால் தன் பேச்சை நம்பி முன்பே வாங்கியவர்கள்? போனில் பழைய அழைப்புகளைத் தேடி ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். ஒருவருக்கு மிஷின் நன்றாக ஓடுகிறதாம். இன்னொருவர் காது கூசத் திட்டினார்; பணம் கட்டியும் அவருக்கு மிஷினே வரவில்லை. போலீஸில் புகார் கொடுத்தால் தானும் வந்து சொல்வதாகச் சுகப்பிரியா வாக்குக் கொடுத்தாள்.

முன்பு வல்லக்கோட்டையிலிருந்து மிஷினைப் பற்றி விசாரித்த ஒரு பெண்ணின் நம்பர் மட்டும் ஸ்விட்ச் ஆஃப் என்றே வருகிறது. குழந்தைக் குரல் பின்னால் கேட்க, அவசர அவசரமாகப் பேசியவள். மாவு பிசைந்த கையைத் துடைத்துக்கொண்டு, சுகப்பிரியா தினமும் ஒருமுறையாவது அந்த நம்பரைப் போட்டுப் பார்க்கிறாள்.