கீரைச்சாறு சிவந்த பீரியட்

மிக்ஸியில் பச்சைக் கீரை அரைபடும்போது ஒரு வாசனை வருமே... இன்றும் அது மூக்கில் ஏறினால் எனக்கு அந்த டெமோ கிளாஸ்தான் ஞாபகம் வரும்.

அஸ்தினாபுரம் பக்கம் ஒரு பள்ளியில் டெம்பரரி சயின்ஸ் டீச்சராகச் சேர்ந்த வருஷம். பத்தாம் வகுப்பில் ஒளிச்சேர்க்கை பற்றி டெமோ கிளாஸ். பிரின்சிபல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். அவருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் மே மாதத்தோடு டாட்டா. எனக்கு அந்த வேலை ரொம்பவே வேண்டியிருந்தது.

பச்சையத்தின் மேல் ஊதா லைட் பட்டால் சிவப்பாக ஒளிரும் என்று படித்ததோடு சரி, கண்ணால் பார்த்ததில்லை. மெடிக்கல் ஷாப் அண்ணாவிடம் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா டார்ச்சை இரவல் வாங்கினேன். சட்னி அரைக்கிற பழக்கம்... பசலைக்கீரையில் தாராளமாகத் தண்ணீர் விட்டு அரைத்து, பாட்டிலில் ஊற்றிக்கொண்டு போனேன்.

லேபில் டார்ச் அடித்துப் பார்த்தால் பச்சை, பச்சையேதான். பாட்டிலைக் குலுக்கி மறுபடி அடித்தேன், அப்போதும் பச்சைதான்.

கெமிஸ்ட்ரி ஸ்டெல்லா மிஸ் எட்டிப் பார்த்தார். என் வயசுதான், வாய் மட்டும் ஜாஸ்தி.

"தண்ணி ஊத்தியா அரைச்சீங்க? பச்சையம் ஸ்பிரிட்லதான் கரையும் மிஸ். இத தோசைக்குத் தொட்டுக்கலாம்."

பசங்களுக்குக் காட்ட நான் வைத்திருந்த மீதிக் கீரையை ஸ்பிரிட் விட்டு இடித்து, தன் கர்சீப்பிலேயே வடிகட்டிக் கொடுத்தார். சோதித்துப் பார்ப்பதற்குள் பெல் அடித்துவிட்டது.

வகுப்பில் ஜன்னல் கதவு சரியாக மூடாது. பெண்கள் துப்பட்டாவை விரித்துப் பிடித்து மறைத்தார்கள். டார்ச்சை அழுத்தினேன்.

பச்சைச் சாறு ரத்தச் சிவப்பாக ஒளிர்ந்தது.

அப்படியே நின்றுவிட்டேன். டெமோ, வேலை, பிரின்சிபல்... எதுவுமே ஞாபகத்தில் இல்லை.

"மிஸ், கலர் கலந்தீங்களா?" என்றாள் முதல் பெஞ்ச் பெண்.

"இல்லம்மா. இலையில இருந்தா பச்சையம் இந்த வெளிச்சத்த வச்சு சாப்பாடு செய்யும். நாமதான் அரைச்சுட்டோமே, இப்போ அதுக்கு வேலை இல்ல. வாங்கின வெளிச்சத்த சிவப்பா திருப்பிக் கொடுக்குது."

கடைசி பெஞ்ச் நகரும் சத்தம் கேட்டது. பிரின்சிபல் முன்னால் வந்து, பசங்களோடு பசங்களாகப் பீக்கர் மேல் குனிந்தார்.

"இன்னொரு வாட்டி காட்டுங்க மிஸ்."

வேலை நிரந்தரமாயிற்று.

இப்போது ஸ்மார்ட் போர்டில் ஒரு கிளிக்கில் அந்தச் சிவப்பு வந்துவிடுகிறது. "ஓகே மிஸ்" என்று பசங்க அடுத்த ஸ்லைடுக்குத் தயார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்... ஆனாலும் வருஷத்துக்கு ஒரு தடவை கீரையும் கர்சீப்புமாகத்தான் போகிறேன்.

சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷனில் ஒரு வேப்பமரத்தடியில் நிற்பேன். பகல் முழுக்க வெயிலை வாங்கிச் சத்தமில்லாமல் சமைக்கிற மரம். நம் கண்ணுக்குப் பச்சைதான் தெரியும். உள்ளே அந்தச் சிவப்பு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அண்ணாந்து பார்த்து, சில நாள் ரயிலையே விட்டிருக்கிறேன்.