இரண்டாவது கையெழுத்து

கனடாவின் டாஃபின் வட்டாரத்தில் எந்தச் சாலையில் போனாலும், அடியில் கிடக்கும் சரளையில் பாதி ஒரெஸ்ட் பாவ்லிஷின் கொட்டியது. இதை அவரே சொல்லுவார், கேட்காவிட்டாலும் சொல்லுவார். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். பத்தொன்பது வயதில், கதவு ஒரு நிறமும் உடம்பு ஒரு நிறமுமாக இருந்த பழைய லாரியை ரொக்கம் கொடுத்து வாங்கி, பிறகு மூன்று லாரி, மூன்று ஓட்டுநர் என்று வளர்ந்தவர். எவன் தயவும் இல்லை. படித்த பிள்ளைகள் அளவுநாடாவைப் பிடித்துக் குனிந்து நிமிர்வதற்குள், இந்தக் குழிக்கு இத்தனை டன் என்று கண்ணாலேயே சொல்லிவிடுவார். இறக்கிப் பார்த்தால் அரை டன் கூடக் கூடுதல் குறைச்சல் இருக்காது.

அப்படிப்பட்டவர்தான் அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, நூற்றுச் சொச்சம் கவர்களை ஒரு பிளாஸ்டிக் பையில் திணித்துக்கொண்டு, பெரிய வீதியில் பல் மருத்துவருக்கு மேல்மாடியில் இருக்கும் அலுவலகத்துக்குப் படியேறினார். பார்க்கிறவர்கள் பல்வலி என்று நினைக்கட்டும் என்று கன்னத்தை ஒரு கையால் பிடித்தபடி ஏறினார்.

மேலே இருந்தவள் ஐனார்சன் என்ற பெண். கடனில் மூழ்கியவர்களுக்கும் கடன் கொடுத்தவர்களுக்கும் நடுவில் நின்று சட்டப்படி தீர்த்து வைக்க அரசாங்கம் உரிமம் கொடுத்த ஆள். ஒரெஸ்டின் வயதில் பாதிகூட இருக்காது. பையை மேசைமேல் கவிழ்த்ததும் அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"ஏன் எல்லாம் நனைஞ்சிருக்கு?"

"ஃப்ரீசர்ல இருந்துச்சு."

"கடிதாசியா?"

"கெட்டுப் போயிடக் கூடாதுல்ல."

அவள் சிரிக்கவில்லை. கராஜில் இருக்கும் பெரிய ஃப்ரீசரில், மான் இறைச்சிப் பொட்டலங்களுக்கு அடியில் அவை மூன்று வருஷமாகக் கிடந்தன. மனைவி லெஸ்யாவுக்கு மான் கறி என்றால் குமட்டும். அந்தப் பக்கம் கை வைக்க மாட்டாள். கவர்களில் பாதிக்கு மேல் பிரிக்கவே இல்லை. ஐனார்சன் ஒவ்வொன்றாகக் கிழித்து, ஈரத்தாளை விரித்து, எண்களை எழுதினாள். மேசை ஓரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கடன் அட்டைகள் ஐந்திலும் சேர்த்து ஐம்பத்திரண்டாயிரம் டாலர். வருமான வரி பாக்கி பதினேழு. டீசல் கடைக்குப் பதினெட்டு. வங்கியில் எடுத்த கடன் முப்பத்தோராயிரம். மொத்தம் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம்.

"குடிச்சு அழிச்சதில்ல. சூதாடினதில்ல," என்றார் ஒரெஸ்ட். "சாலை காண்ட்ராக்ட் எடுத்தவன் பாதி வேலையில கையை விரிச்சுட்டான். என் டிரைவருங்க மூணு பேருக்கும் ஒரு வாரச் சம்பளம்கூட நான் பாக்கி வைக்கல. கேட்டுப் பாருங்க ஊர்ல."

"அட்டையில எடுத்துச் சம்பளம் கொடுத்தீங்க."

"கொடுத்தேன்."

"அந்த அட்டைக்குக் கட்ட இன்னொரு அட்டை."

இரண்டு லாரிகளை ஒரெஸ்ட் விற்ற பணமும் வட்டிக்குத்தான் போயிற்று. மிச்சம் இருந்த ஒரு லாரியில் இப்போது அவரே ஓட்டினார்.

ஐனார்சன் பேனாவை வைத்துவிட்டு விரல் மடக்கினாள். வீட்டை விற்கலாம், ஆனால் இரண்டு முறை அடகு வைத்த வீடு, விற்றால் கையில் ஒன்றும் மிஞ்சாது. திவால் கொடுக்கலாம்; சீக்கிரம் முடியும், ஆனால் லாரி தங்குமா என்று சொல்ல முடியாது, லாரி இல்லாமல் சோறு எங்கிருந்து வரும். மூன்றாவது, கடன்காரர்கள் எல்லோரிடமும் ஒரே உடன்பாடு: மாதம் எழுநூற்றுத் தொண்ணூறு டாலர், அறுபது மாதம். வட்டி அன்றோடு நிற்கும். அவர்களில் பெரும்பங்கு ஒப்புக்கொண்டால் மிச்சக் கடன் தள்ளுபடி. லாரியும் வீடும் அவரிடமே இருக்கும்.

"சில பேர் ஊர்ல சோஷியல் வைப்பாங்க," என்றாள். "டிக்கெட் வித்து, ஹால்ல ஆட்டம் பாட்டம் வச்சு, பணம் திரட்ட."

"நாப்பது வருஷமா அடுத்தவனுக்கு டிக்கெட் வித்தவன் நான். வீடு எரிஞ்சவன், புத்துநோய் வந்தவன். எனக்கு வைக்கணும்னா நான் செத்தப்புறம் வைங்க."

"சரி. அப்ப உடன்பாடுதான் உங்களுக்குத் தோது. ஒரு கேள்வி. இதுல எதுலயாவது உங்ககூட வேற யாராவது கையெழுத்துப் போட்டிருக்காங்களா?"

ஒரெஸ்ட் ஜன்னல் பக்கம் பார்த்தார். எதிரே தானியக் கிடங்கின் தகரக் கூரையில் புறாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"முப்பத்தோராயிரத்துக்கு," என்றார். "நெஸ்டர்."

ஐனார்சன் அந்த எண்ணைச் சுற்றி வட்டமிட்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். "நீங்க உடன்பாட்டுல கையெழுத்துப் போட்டதும் பேங்க் உங்கள விட்டுடும். அவர்கிட்டப் போகும். முழுத் தொகைக்கும். அவருக்குத் தெரியுமா?"

நெஸ்டர் கோஸ்டினியுக், ஒரெஸ்டின் மகளைக் கோயில் ஞானஸ்நானத் தொட்டியில் ஏந்தி ஞானத்தகப்பன் ஆனவர். நெஸ்டரின் மகனை ஏந்தியவர் ஒரெஸ்ட். முப்பத்தைந்து வருஷமாக இருவரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்ததில்லை, 'கூமே' என்றுதான், அந்த உறவுக்கு உக்ரைன் மொழிப் பெயர். ஞானத்தகப்பனாக வா என்று கேட்டால் மறுக்கக்கூடாது என்பது இந்த ஊர் உக்ரைன்காரர்களின் கட்டுப்பாடு. அது வளர்ந்து வளர்ந்து, கூம் எதைக் கேட்டாலும் மறுக்கக்கூடாது என்று ஆகிவிட்டது. ஏன் எதற்கு என்று கேட்பதுகூட அவமரியாதை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஹாக்கி ஆட்ட இடைவேளையில், கொட்டும் குளிரில், லாரியின் மூக்குமேல் தாளை வைத்து, "சும்மா சாட்சிக் கையெழுத்துதான், கூமே," என்று ஒரெஸ்ட் சொன்னார். நெஸ்டர் ஒரு கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டுப் போட்டுக் கொடுத்தார். அது சாட்சி இல்லை என்று அப்போதே ஒரெஸ்டுக்குத் தெரியும். தெரியாது என்று இத்தனை காலமாகத் தனக்குத்தானே சொல்லி வந்தார்.

அவருடைய சட்டைப் பையில் இன்னொரு தாளும் இருந்தது. அதை அவர் ஐனார்சனிடம் காட்டவில்லை. அன்று காலை வங்கி மேலாளர் கொடுத்தது. எல்லாக் கடனையும் ஒன்றாக்கி, ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்துக்கு ஒரே கடன். வட்டி பாதிக்கும் கீழே. ஊரில் ஒருவருக்கும் தெரிய வேண்டாம். மஞ்சள் கடுதாசி கொடுத்தவன் என்ற பெயர் வேண்டாம். பழைய ஆள் இதிலும் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைதான் அவகாசம். அதற்குப் பிறகு வங்கி நீதிமன்றத்துக்குப் போகும்.

படியிறங்கும்போது கன்னத்தைப் பிடிக்க மறந்துவிட்டார்.

மறுநாள் புதன்கிழமை. ஞாயிறன்று கோயிலில் இலையுதிர்கால விருந்து. நானூறு டஜன் பெரோகி பண்ண வேண்டும். கோயிலின் கீழ்த்தளத்தில் நீள மேசை போட்டு, பெண்கள் மாவு வட்டங்களில் உருளைக்கிழங்கு மசியலை வைத்து விளிம்பைக் கிள்ளி மூடிக்கொண்டிருந்தார்கள். சமையல்கட்டின் தலைவி பராஸ்கா. லெஸ்யாவும் அந்த வரிசையில் இருந்தாள். அடுப்படியில் பெரிய பாத்திரத்துக்கு முன்னால், கையில் கண்கரண்டியோடு நெஸ்டர்.

ஒரெஸ்ட் வந்ததும் பராஸ்கா நிமிர்ந்து பார்த்தாள். "வாங்க முதலாளி. போன வருஷம் நீங்க கிள்ளினது பூரா தண்ணியில வாயப் பொளந்துச்சு. நீங்க எதையும் தொடாதீங்க. நின்னு வேடிக்கை பாருங்க, அதுதான் உங்களுக்கு வரும்."

"ஊருக்கே ரோடு போட்டவன் நான்."

"அதான் பெரோகியும் சரளை மாதிரி இருந்துச்சு," என்றாள் லெஸ்யா. மேசை முழுக்கச் சிரித்தது.

ஒரெஸ்டும் சிரித்தார். சட்டைப் பையில் மடித்த தாள் நெஞ்சில் குத்தியது. இரவெல்லாம் யோசித்து ஒரு முடிவோடுதான் வந்திருந்தார். இன்னும் பத்து வருஷம் லாரி ஓட்டத் தெம்பு இருக்கிறது. மாதாமாதம் கட்டிவிடுவார். கூமுக்குத் தெரியவே வேண்டாம். எங்கேயும் தோற்காதவன் இதில் மட்டும் ஏன் தோற்க வேண்டும். போன முறையும் இப்படித்தான் நினைத்தோம் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது, அதை அடக்கினார்.

அடுப்புப் பக்கம் போய், தாழ்ந்த குரலில், "கூமே, ஒரு சின்ன வேலை," என்றார்.

"சொல்லு."

"பேங்க்ல ஒரு பேப்பர். பழசு மாதிரிதான்."

நெஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மிதந்து வந்த பெரோகிகளை அள்ளி வெண்ணெயில் போட்டார். கரண்டியை வைத்துவிட்டுக் கையை ஏப்ரனில் துடைத்தார். "பேனா வச்சிருக்கியா? கை மாவா இருக்கு, பரவால்லையா பேங்க்காரனுக்கு?"

பக்கத்தில் அடுக்கியிருந்த மாவு மூட்டைமேல் ஒரெஸ்ட் தாளை விரித்தார். கீழே கோடு போட்ட இடத்தை விரலால் காட்டினார். நெஸ்டர் பேனாவை வாங்கிக் குனிந்தார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவே இல்லை. நெஸ்டருக்கு அறுபத்தாறு வயது. மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்து, ஓய்வூதியத்தில் ஓடுகிற வீடு. ஏரியில் ஒரு படகு. அதற்கு மேல் அந்த மனிதனிடம் ஒன்றும் கிடையாது. பேனா முனை கோட்டில் பட்டது. 'நெ' என்று வளைவு ஆரம்பித்தது.

ஒரெஸ்டின் கை தானாகப் போய் அந்தக் கோட்டின்மேல் விழுந்தது. பேனா அவர் புறங்கையில் நீலமாக ஒரு கீறல் போட்டது.

"என்னடா?"

"படிச்சுட்டுப் போடு."

"கண்ணாடி வண்டியில இருக்கு. நீ கேட்டா நான் எதுக்குப் படிக்கணும்?"

"படிக்கணும் கூமே."

"எரிச்சலக் கிளப்பாத. தண்ணி பொங்குது பாரு."

"அப்ப நான் படிக்கிறேன்," என்றார் ஒரெஸ்ட்.

தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஏழாம் வகுப்புப் படிப்பு. வங்கித் தாளின் சொற்கள் நாக்கில் தடுக்கின. எழுத்துக் கூட்டித்தான் படித்தார். குரலைத் தாழ்த்திப் படிக்க அவருக்கு வரவில்லை. லாரி இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. கடன் பெறுபவர் ஒரெஸ்ட் பாவ்லிஷின். இணைக் கடனாளி நெஸ்டர் கோஸ்டினியுக். தொகை ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம். முதலாமவர் கட்டத் தவறினால் முழுத் தொகையும் இரண்டாமவரையே சேரும்.

மேசையில் கிள்ளும் கைகள் ஒவ்வொன்றாக நின்றன. பாத்திரம் பொங்கி அடுப்பில் வழிந்து சீறியது. பராஸ்கா வந்து தீயைத் தணித்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

"பழசு எவ்வளவு?" என்றார் நெஸ்டர்.

"முப்பத்தொண்ணு."

"சாட்சின்னு சொன்ன."

"சொன்னேன்."

"தெரிஞ்சே சொன்னியா?"

ஒரெஸ்டுக்கு இல்லை என்று சொல்ல வாய் வந்தது. புறங்கையில் இருந்த நீலக் கோட்டைப் பார்த்தார். "தெரிஞ்சேதான்."

நெஸ்டர் பேனாவை மூட்டைமேல் வைத்தார். அடுப்புப் பக்கம் திரும்பிக் கரண்டியை எடுத்தார். "அடியில ஒட்டிடும்," என்று பொதுவாகச் சொன்னார். அவ்வளவுதான்.

லெஸ்யா மாவுக் கையோடு எழுந்து வந்தாள். மூன்று வருஷமாக எதையும் கேள்விப்படாதவள் எல்லாவற்றையும் ஊர் நடுவில் கேட்டுவிட்டாள். "மீதிப் பேப்பர் எல்லாம் எங்க வச்சிருக்க?"

"மான் கறிக்கு அடியில இருந்துச்சு. இப்ப ஐனார்சன்கிட்ட."

"நாப்பது வருஷம் உன்கூட இருக்கேன்," என்றாள். "அந்தக் கறியைத் தின்னு பழகியிருக்கணும்." திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து மறுபடி கிள்ள ஆரம்பித்தாள்.

வங்கித் தாளை நாலாகக் கிழித்து, ஒரெஸ்ட் உருளைக்கிழங்குத் தோல் வாளியில் போட்டார். வியாழக்கிழமை மறுபடி மாடிப்படி ஏறினார். இந்த முறை லெஸ்யா கூட வந்தாள். அவர் கன்னத்தைப் பிடிக்கவில்லை. அறுபது மாத உடன்பாட்டில் கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு வரியையும் ஐனார்சனைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அதற்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று.

கடன்காரர்களில் பெரும்பங்கு ஒப்புக்கொண்டது; சொன்னபடியே வங்கி நெஸ்டரிடம் போயிற்று. நெஸ்டர் படகை விற்றார். மிச்சத்துக்கு ஓய்வூதியத்தில் மாதாமாதம் பிடித்தம். உடன்பாட்டுக்கு வெளியே ஒரெஸ்ட் அவருக்கு எதையும் கொடுக்கச் சட்டத்தில் கட்டாயம் இல்லை. தன் உழைப்பில் தானாகக் கொடுத்தால் தடுக்கப் போவதும் இல்லை என்றாள் ஐனார்சன். மாதம் முந்நூறு என்று ஒரெஸ்ட் சொல்லி அனுப்பினார். கொடுத்து முடிக்கும்போது அவருக்கு எழுபத்திரண்டு வயது ஆகியிருக்கும். நெஸ்டரிடமிருந்து ஒரே ஒரு பதில் வந்தது: பேங்க் வழியா வேண்டாம், மாசாமாசம் முதல் சனிக்கிழமை நீயே எடுத்துட்டு வா.

எட்டு மாதமாக அப்படித்தான் நடக்கிறது. நெஸ்டர் வீட்டுச் சமையலறை மேசைமேல் ஒரெஸ்ட் முந்நூறை வைப்பார். நெஸ்டர் எண்ண மாட்டார். ஒரு பள்ளிக்கூட நோட்டில் தேதியும் பாக்கியும் எழுதி, நோட்டைத் திருப்பி ஒரெஸ்டின் முன்னால் தள்ளுவார்.

"படி."

ஒரெஸ்ட் சத்தமாகப் படிப்பார். பிறகு இருவரும் போடுவார்கள், ஆளுக்கொரு கையெழுத்து. காப்பி வரும். மழையைப் பற்றி, ரோட்டைப் பற்றி ஏதோ பேசுவார்கள். 'கூமே' என்ற சொல் மட்டும் அந்த மேசைக்கு இன்னும் வரவில்லை. 'ஒரெஸ்ட்' என்றுதான் கூப்பிடுகிறார் நெஸ்டர், முப்பத்தைந்து வருஷத்தில் கூப்பிடாத பெயரை.

போன சனிக்கிழமை, பாக்கி இருபத்தெட்டாயிரத்து அறுநூறு என்று படித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரெஸ்ட் எழுந்தார். வாசல்வரை வந்த நெஸ்டர், கதவைப் பிடித்தபடி, அவரைப் பார்க்காமல் சொன்னார்:

"புதன்கிழமை கோயில்ல பெரோகி போடுறாங்க. பராஸ்கா உன்னை உருளைக்கிழங்கு உரிக்கிற பக்கம் மாத்திட்டா. கிள்ள விடமாட்டாளாம்."

"எத்தனை மணிக்கு?"

"எட்டு," என்றார் நெஸ்டர். "கத்தி கொண்டு வா. அங்க இருக்கிறது எல்லாம் மொட்டை."